மந்திரியின் நாழிகைக் கிண்ணம்

பெரிய ஏரித் தண்ணீரைப் பங்கிடுவது மந்திரி அரியநாயகம். பங்கு சரியா என்று சோதிப்பதும் அவரே, புகார் கேட்பதும் அவரே. பாவம், ஒரே ஆளுக்கு எவ்வளவு வேலை! முதல் மடையிலிருந்த அவர் வயல் மட்டும் பச்சைப்பசேலென்று கிடந்தது.

கடைமடையில் பயிர் கருகிய பேச்சாயி, ராஜாவிடம் போய் நின்றாள். "வாய்க்கால் நனையறதுக்குள்ள என் முறை முடிஞ்சுடுது, சாமி."

மந்திரி அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். தண்ணீரில் மிதக்கவிட்டால், அது நிரம்பி மூழ்கும் நேரம்தான் ஒருவருடைய முறை. "என் கிண்ணம், என் ஆள், என் தீர்ப்பு. இதை வைத்தே குறையை நிரூபி, பார்க்கலாம்!"

பேச்சாயி கும்பிட்டாள். "குறையே இல்லீங்க. ஐயாதான் ரொம்பக் களைச்சுட்டாரு. நாளையிலேர்ந்து கிண்ணத்தை நான் பார்த்துக்கறேன். அவருக்குக் குறை இருந்தா என்கிட்டயே வந்து சொல்லட்டும்."

மந்திரி துள்ளினார். "தண்ணி வாங்குறவளே அளந்தா, அதுல நியாயம் எப்படிடி இருக்கும்?"

ராஜா மெல்ல மந்திரி பக்கம் திரும்பினார்.

கிண்ணம், ஒரு சாண் நிலம்கூட இல்லாத உப்பு வியாபாரி கைக்குப் போனது. இனி எல்லோருக்கும், மந்திரி வயலுக்கும்கூட, அதே கிண்ணம்தான். மறுநாளே முதல் புகார் வந்தது. கொடுத்தவர் மந்திரி: கிண்ணம் ரொம்பச் சீக்கிரம் மூழ்குகிறதாம்.