பச்சையில் பொறுக்கிய விறகு

உரக்கவே சொல்கிறேன்: இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் என் மீசை இப்போதே உதிரட்டும். வலப்பக்கம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அது வேறு கதைக்காக.

ஜீப் ஓட்டியது நான்.

வந்தவர் ஞானசிகாமணி. காட்டில் எங்கே தீப்பிடிக்கும் என்று வரைபடம் போடுகிற அதிகாரி. வயது ஐம்பத்து நாலு.

தேடி வந்தது மாதியை. கல்லூத்துக் காட்டில் தீக்காவலர். வயது இருபத்தாறு.

அவள் குடிசை வாசலில் அவர் வரைபடத்தை விரித்தார்.

"பன்னிரண்டு வருஷத்து மழைக்கணக்கு கையில இருக்கு, மாதி. எந்த மேட்டுல எத்தனை மில்லிமீட்டர்னு கேளு, சொல்றேன். மழை குறைஞ்ச இடம் சிவப்பு, அங்க தீ வரும். நல்லா பேஞ்ச இடம் பச்சை, அங்க வராது. அப்படித்தான் போட்டேன். போன வருஷம் சிவப்பு சும்மா கிடந்துச்சு. பச்சை எரிஞ்சுது."

"தெரியுங்க சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

மாதி இடது காலைச் சற்று முன்னால் வைத்தாள். கணுக்கால் வரை தோல் சுருங்கிப் பளபளத்தது.

அவர் குரல் இறங்கிவிட்டது.

"இந்த வருஷமும் ஆறு பேர்தான் காவலுக்கு. எங்க நிறுத்தறதுன்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் சொல்லணும். பச்சைச் சரிவுக்குக் கீழ பதினோரு வீடு இருக்கு. நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"டீ குடிக்கிறீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"அடுப்புக்கு விறகு இல்லீங்க. நீங்களே போய்ப் பொறுக்கிட்டு வாங்க. சிவப்புல மட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தேன்.

சிவப்பு என்பது பாறைமேடு. அங்கே வெயில் எப்படி என்றால், ஓர் ஓணான் என் நிழலுக்காகவே நான் போகிற பக்கமெல்லாம் கூட நடந்து வந்தது. நின்றால் நின்றது.

இரண்டு மணி நேரம் தேடினார். நாலு முள்ளுக்குச்சி, ஒரு பிடி மான் புழுக்கை.

மாதி அதை அடுப்பில் வைத்தாள். தீக்குச்சி எரிந்தது. மற்றதெல்லாம் புகைந்து அணைந்தது.

அடுப்பின் மேலிருந்த டீப் பாத்திரத்துக்குள் அவர் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது.

"அங்க எரியறதுக்கு என்ன இருக்கு மாதி? வெறும் கல்லு!"

சொல்லிவிட்டு, யாரோ சொன்னதைக் கேட்டவர் மாதிரி நின்றார்.

"இப்ப பச்சைக்குப் போங்க," என்றாள் மாதி.

பத்தடி வைத்தார். ஆளைக் காணோம்.

புரட்டாசி மழை எழுப்பிவிட்ட புல். அதற்குள் ஒரு கொம்பன் யானை வழி தெரியாமல் மூன்று நாள் சுற்றி, கடைசியில் அழுதுகொண்டே வெளியே வந்தது. இந்தக் கண்ணால் பார்த்தேன்.

மாதி குரல் கொடுத்தாள். "எங்க நிக்கிறீங்க சார்?"

"பச்சையில!" என்றது புல்.

"சுத்தி என்ன நிறமுங்க?"

மாசிக் காற்று ஒன்று வந்தது. சரிவு முழுக்கச் சரசரத்தது.

"வைக்கோல் நிறம்," என்றது புல், மெதுவாக.

காய்ந்த புல்லில் ஒரு கட்டு அள்ளி வந்தார். மாதி அடுப்பில் வைத்தாள். நான் தேயிலை டப்பாவைத் திறப்பதற்குள் தண்ணீர் பொங்கி வழிந்தது.

அவர் டீயைத் தொடவில்லை. வாக்கிடாக்கியை எடுத்தார்.

"ஆறு பேரும் பச்சைச் சரிவுக்கு. வீடுகளுக்கு மேல புல்லை வெட்டி அகலமாத் தடுப்புக்கோடு போடுங்க. ஆமா, பச்சைதான்! இப்பவே கிளம்புங்க."

பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ரெண்டு நிறத்தையும் மாத்திப் போட்டுடறேன் மாதி. இனிமே தப்பே வராது."

மாதி பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டாள். அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"வர்ற புரட்டாசியில அங்க மழை பெய்யாட்டி என்னங்க சார்?"

"அப்ப புல்லு…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பாறைமேட்டைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார்.

"அப்படின்னா வருஷா வருஷம் நானே வந்து விறகு பொறுக்கணுமா?"

"தூளும் சர்க்கரையும் நீங்கதான் கொண்டாரணுங்க."

இவ்வளவுதான். யார் சொன்னது என்று எவராவது கேட்டால், அந்த ஓணான் சொன்னது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.