பாம்பு கேட்காத தீர்ப்பு

அந்தக் காலத்தில் பாம்புக்குக் காது இருந்தது. முயலின் காதைவிடப் பெரிய காது. காய்ந்த சருகின் மேல் எறும்பு நடந்தால்கூட அதற்குக் கேட்கும். மனிதரும் விலங்கும் ஒரே பேச்சைப் பேசிய நாட்கள் அவை. கடவுளும் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் குரல் மற்றவர்களுக்கெல்லாம் வானத்தில் ஏதோ உருளுகிற சத்தமாகத்தான் கேட்டது. அதில் இருந்த சொற்கள் பாம்புக்கு மட்டுமே விளங்கின.

அதனால் வழக்கு என்று வந்தால் எல்லோரும் பாம்பு குடியிருந்த கரட்டுக் குன்றின் உச்சிக்குப் போவார்கள். இரண்டு தரப்பும் பேசி முடித்ததும் வானம் உறுமும். பாம்பு தலையைத் தூக்கித் தீர்ப்பைச் சொல்லும். யாரும் அதை மறுத்ததில்லை. பாம்பும் அதுவரை ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

கரட்டடியில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். ஆடு மேய்க்கிற குடும்பம். ஒரு கோடையில் அவள் புருஷன் ஊற்றுக் கரையில் செத்துக் கிடந்தான். பிடரியில் அடிபட்டிருந்தது. மதினிதான் கல்லைப் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று அவன் தம்பி விருமன் ஊரைக் கூட்டினான். புருஷனும் பெண்டாட்டியும் முந்தின நாள் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். ஒச்சாயி அதை மறைக்கவில்லை. கொல்லவில்லை என்று மட்டும் சொன்னாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் அவளே கரட்டில் ஏறினாள். கடவுள் பார்த்திருப்பார் என்ற தைரியம் அவளுக்கு.

அன்று காலையில் பாம்பு ஒரு பெருச்சாளியை விழுங்கியிருந்தது. பாறையின் சூட்டில் அதற்குக் கண் சொருகியது. விருமன் பேசியதைக் கேட்டது. ஒச்சாயி பேசத் தொடங்கியபோது உறங்கிவிட்டது. வானம் உறுமியது, உறுமி அடங்கியும் விட்டது. பாம்பு விழித்தபோது கூட்டம் முழுவதும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாமி என்ன சொல்லுச்சு, ஐயா?" என்று ஒச்சாயி கேட்டாள்.

கேட்கவில்லை என்று பாம்பு சொல்லியிருக்கலாம். வேண்டியிருந்தால் கடவுள் இன்னொரு முறை சொல்லியிருப்பார். ஆனால் அத்தனை பேர் முன்னால் தூங்கிப்போனேன் என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. கூட்டத்தின் முகங்களைப் பார்த்தது. அவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்கள்.

"இவள்தான் கொன்றாள் என்கிறார்," என்றது பாம்பு.

ஒச்சாயி அழவில்லை. சாமியே அப்படிச் சொன்னதா என்று ஒரு கணம் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். தண்ணீரில்லாத முள்காட்டுக்குள் அவளையும் குழந்தையையும் விரட்டினார்கள். குடுக்கையில் தண்ணீர் பிடிக்கக்கூட விடவில்லை. விருமன் அவளுடைய ஆடுகளைத் தன் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அவள் கண்ணுக்கு மறைந்ததும் கடவுள் மறுபடியும் பேசினார். இந்த முறை அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

"நான் சொன்ன பெயர் விருமன்."

இடி விழுந்து கரட்டுப் பாறை பிளந்தது. ஆடுகளின் நடுவில் விருமன் கரிக்கட்டையாக விழுந்தான். ஓர் ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு குரல் தணிந்து, பாம்பிடம் மட்டும் பேசியது.

"நான் சொல்லாததை என் பேரால் சொன்னாய்."

பாம்பின் காதுகள் நெருப்பில் போட்ட இலை போலச் சுருண்டு உதிர்ந்தன. தூங்கிப்போனதைச் சொல்லிப் பாம்பு மன்னிப்புக் கேட்டது. கடவுள் பதில் சொன்னார் என்றுதான் மற்ற விலங்குகள் சொல்கின்றன. பாம்புக்கு அது கேட்கவில்லை.

பிறகு மழை கொட்டியது. ஊரார் முள்காட்டுக்குள் தேடிப் போனபோது, ஒரு பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரை ஒச்சாயி குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். தப்பு நடந்துவிட்டது, பாம்பு தூங்கிவிட்டதாம், வீட்டுக்கு வா என்று கெஞ்சினார்கள்.

"சாமி சொன்னதைப் பாம்பு கேக்கல," என்றாள் ஒச்சாயி. "நான் சொன்னதை நீங்க யாராச்சும் கேட்டீங்களா?"

அவள் திரும்பி வரவில்லை. ஆடுகளை மட்டும் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

அன்று முதல்தான் பாம்புக்குக் காது இல்லாமல் போனது. இடி இடித்தால் வயிற்றுக்கு அடியில் மண் நடுங்குவது மட்டும் அதற்குத் தெரியும். உடனே புற்றுக்குள் புகுந்துகொள்ளும். இடியில் இருக்கிற சொல்லை எடுத்துச் சொல்ல அதற்குப் பிறகு யாரும் இல்லை. அதனால்தான் வானம் இடிக்கும்போது நாம் எல்லோருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம், சொல்லப்படுவது யாருடைய பெயர் என்று தெரியாமல்.