ஆகாயக் கப்பலுக்கு முட்டுக்கட்டை

கொற்றநல்லூர் சமஸ்தானத்தில் புத்திசாலிகள் இல்லாமல் இல்லை. ஆகாயக் கப்பல் வந்த வருஷம் அவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எதிரிக் கப்பல் ஒன்று கடலோரத்தில் சுற்றுவதாக ஊரெல்லாம் பேச்சு. மேலே ஏறிப் பார்த்தால் அகப்பட்டுவிடும் என்று மகாராஜா சீமையிலிருந்து ஓர் ஆகாயக் கப்பலைத் தருவித்தார். வாயு அடைத்த பெரிய பை, அதன் அடியில் ஆட்கள் நிற்க ஒரு பிரம்புக் கூடை, கூடையின் முதுகில் ஒரு காற்றாடி, மொத்தமும் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளக் கயிறுகள். இவ்வளவுதான் கப்பல்.

கயிறு பிடிக்க அனுபவசாலிகள் வேண்டும் என்றார் திவான். அப்படியானால் கோயில் தேர் இழுக்கிறவர்களைவிட்டால் வேறு யார்? மூக்கையாவும் அவன் தம்பிகள் மூவரும் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார்கள். வடத்தில் கை வைத்தால் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை விடக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். தேனீ கொட்டினாலும் விடமாட்டார்கள். வேட்டி அவிழ்ந்தாலும் விடமாட்டார்கள். அதை ஊரே பார்த்திருக்கிறது.

தேர் ஆட்கள் வந்தால் முட்டுக்கட்டைக்காரனும் வரவேண்டுமல்லவா? அங்கண்ணன் வந்தான். ஓடுகிற தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி நிறுத்துவது அவன் தொழில். போன வருஷம் கொஞ்சம் தாமதமாகச் செருகிவிட்டான். தேர் நேராகப் பானைக் கடைக்குள் போய் நின்றது. திருவிழாவுக்கு வந்திருந்த மாமனார் சடையப்பன் அந்தப் பானை ஓடுகளுக்கு நடுவிலேயே மகள் காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எதையாவது ஒண்ணை ஒழுங்கா நிறுத்திட்டு வாங்க, மாப்பிள்ளை. அப்புறம் அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லி எருக்கம்பட்டிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அங்கண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் மாட்டு வண்டி போனால்கூடக் கட்டையோடு பின்னால் ஓடினான். வண்டிக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். ஆகாயக் கப்பல்தான் இனி அவனுக்குக் கதி.

கேப்டன் திருவேங்கட ராஜு நல்ல ஆகிருதி. அவர் ஏறினால் கூடை முனகும். ஒத்திகை நாளன்று அவர் எல்லோரையும் நிற்கவைத்து உத்தரவு போட்டார். கயிற்றை எவனும் விடக்கூடாது. கூடைக்குள் தொங்கும் சிவப்புக் கயிற்றில் எவனும் கை வைக்கக்கூடாது. நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்தவேண்டும்.

அங்கண்ணன் கப்பலை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். சக்கரத்தைக் காணோம். கூடைக்குள் ஏறிப் பார்த்தான், அங்கும் இல்லை. வட்டமாகச் சுற்றுகிற சாமான் அந்தக் கப்பலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூடையில் நின்றிருந்த கேப்டன் காற்றாடியை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டு, "சரி, நிறுத்து" என்றார். அங்கண்ணன் இந்தத் தடவை தாமதிக்கவில்லை.

காற்றாடி துண்டு துண்டாக நாலு திசையிலும் பறந்தது. கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, இலுப்பைக் கட்டை. என்ன ஆயிற்று என்று பார்க்கக் கேப்டன் கூடையிலிருந்து கீழே குதித்தார். அதுவரை கப்பலைப் பூமியில் அழுத்தி வைத்திருந்தது அவருடைய உடம்புதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கூடைக்குள் அங்கண்ணனும் கயிற்று முனைகளில் நாலு பேருமாகக் கப்பல் கிளம்பியது.

"கயித்தை விடுங்கடா" என்று கத்தினார் கேப்டன்.

"விடலாமாண்ணே?" என்று கேட்டான் கடைசித் தம்பி.

"நிலைக்கு வந்துருச்சா?" என்றான் மூக்கையா.

"இப்பத்தான் கிளம்பியிருக்கு."

"அப்ப எப்படி விடறது? இருந்தாலும் உத்தரவாச்சே."

நாலு பேரும் யோசித்தார்கள். உத்தரவுக்காக வழக்கத்தை இந்த ஒரு தடவை மீறலாம் என்று முடிவாவதற்குள் கால்களுக்குக் கீழே பனைமரத்து உச்சி வந்துவிட்டது. கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு, விட்டுவிடாதீர்கள் என்று கீழேயிருந்து கதறினார். நிமிஷத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவரிடம் எப்படி வேலை பார்ப்பது என்று மூக்கையாவுக்கு வருத்தமாக இருந்தது. நாலு பேரும் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு வசதியாகத் தொங்கினார்கள்.

காற்று மேற்கே தள்ளியது. அங்கண்ணன் எட்டிப் பார்த்தான். ஏரிக்கு அப்பால் எருக்கம்பட்டி தெரிந்தது. மாமனாரின் சோளக்கொல்லை தெரிந்தது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது காத்தாயியேதான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதை இங்கே நிறுத்தாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் அவள் இல்லை.

"மூக்கையாண்ணே, இறங்க வழி அந்தச் சிவப்புக் கயிறுதான்னு தோணுது."

"கை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு."

மறுபடி யோசித்தார்கள். கை வைக்கக்கூடாது என்றுதான் உத்தரவு என்பது சற்றுப் பொறுத்து அங்கண்ணனுக்கு விளங்கியது. அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிவப்புக் கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்தான்.

மேலே புஸ்ஸென்று சத்தம் கேட்டது. பை சுருங்கிச் சுருங்கி, கப்பல் சோளக்கொல்லையில் உட்கார்ந்தது. நாலு பேரும் சோளத்தின்மேல் விழுந்து எழுந்தார்கள். கயிறு கையில்தான் இருந்தது. அங்கண்ணன் இறங்கி, கூடைக்கு அடியில் கட்டையை இறுகச் செருகினான்.

சடையப்பன் வந்தார். பையையும் கூடையையும் பார்த்தார். கூடையில் தோள் கொடுத்து முக்கித் தள்ளினார். அசையவில்லை. எதிர்ப்பக்கம் போய்த் தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

"நிறுத்திட்டீங்க, மாப்பிள்ளை" என்றார். "காத்தாயி, பெட்டியை எடுத்துட்டு வா."

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கட்டையை உருவிக்கொண்டு புறப்பட்டால் கப்பல் நின்றதாகாது. நிற்காவிட்டால் மகளை அனுப்ப முடியாது என்றார் மாமனார். கட்டை கோயில் சொத்து, விட்டுவிட்டுப் போக முடியாது என்றான் அங்கண்ணன். இரண்டும் நியாயம்தான் என்று காத்தாயி கூடைக்குள்ளேயே பெட்டியை வைத்து, பக்கத்தில் அடுப்பு மூட்டிவிட்டாள்.

பொழுது சாயக் கேப்டன் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தார். கூடைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். பை தரையில் பாய்போல் கிடந்தது. நாலு பேரும் நாலு மூலையில் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள். கேப்டனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் கட்டையை முதலில் எடு என்றார்.

அங்கண்ணன் எழுந்து கைகட்டி நின்றான். "நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன். எடுத்தா இது போயிரும்ங்க. இது போனா அவளும் போயிருவா."

கேப்டன் அவனைப் பார்த்தார். கூழ்க் கலயத்தோடு நின்ற காத்தாயியைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். சோளத்தட்டை சலசலத்தது.

"காத்து பலமாத்தான் இருக்கு" என்றார். தொப்பியைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, உபரியாகக் கிடந்த கயிறு ஒன்றை எடுத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.