கெளுத்தியாற்றில் மூன்று வீச்சு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கெளுத்தியாறு என்றொரு சின்ன ஆறு இருந்தது. அதன் பழைய கல்பாலத்தடி மடுவில் பாசித்தாடி என்ற மந்திரவாதி குடியிருந்தான். அங்கே வலை வீசப் போனவர்களை எல்லாம் மீனாக்கிவிடுவான், படுபாவி!

ஒருநாள் கருத்தான் என்ற வலைஞன் போனான், திரும்பவில்லை. அவன் மனைவி சடையாயி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். கரையில் அவன் வலை மட்டும் கிடந்தது.

"ஐயா, எங்க வீட்டுக்காரரை விட்டுடுங்க!"

பாசித்தாடி தண்ணீரிலிருந்து தலையை நீட்டினான். "அவன் இப்போ விரால் மீனு. பொழுது சாயறதுக்குள்ள மூணு வீச்சு வீசிக்கோ. வலையில விழுந்தது உனக்குச் சொந்தம், ஆத்து மேல ஆணை! தவறினா அவன் என்னைக்கும் மீனுதான்."

சடையாயி வீசினாள். வலை விரிந்தது, விழுந்தது, இழுத்தாள். ஒரு விரால் துள்ளியது. அந்த ஊர் வலைஞர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: முதல் மீன் ஆற்றுக்கு. காலமெல்லாம் பழகிய கை, அவள் யோசிப்பதற்குள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டது.

"அடி பைத்தியக்காரி! அவன்தாண்டி உன் புருஷன்!" மந்திரவாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவள் வலையை உதறி எடுத்தாள். மறுபடி வீசினாள். வலை விரிந்தது, விழுந்தது, இழுத்தாள். வெறும் பாசி. சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

அவள் அழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டு, பாசித்தாடி கரையோரமே வந்து நின்றான். "இன்னும் ஒண்ணுதான். எங்க வீசப் போற? அங்கேயா, இங்கேயா?"

அவள் மீனைத் தேடுவதை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். வீசினாள். வலை விரிந்தது, விழுந்தது, பாசித்தாடியின் தலைமேலேயே!

"அடியே, என்னையா?" திமிறினான், புரண்டான். புரளப் புரள வலை இறுகியது.

"விழுந்தது எனக்குச் சொந்தம்னு ஆணை வச்சது நீதானேடா! மீனாக்குன அத்தனை பேரையும் மனுசராக்கு. அப்புறம் கல்லாகி அந்தப் பாலத்துக்கு முட்டுக்கொடு!"

ஆற்று ஆணையை மீற அவனாலும் முடியாது. முணுமுணுத்தான். மடு கொதித்தது. விராலும் கெண்டையும் அயிரையும் ஆட்களாகக் கரையேறின. மந்திரவாதி பாலத்தடியில் கல்லாய் நின்றான்.

கடைசியாகக் கருத்தான் மூச்சிரைக்க வந்தான். "ஏன் புள்ள, கைக்கு வந்தவனைத் தூக்கி ஆத்துல போட்டுட்டியே?"

"போட்டுட்டேங்க" என்று ஓவென்று அழுதாள் சடையாயி. அவன் கையைப் பிடித்தவள், வீட்டு வாசல் வரைக்கும் விடவே இல்லை. அவர்கள் சுகமாய் இருந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே இருங்கள்.