முறத்தளவு பேட்டும் அப்பளத்தளவு பேட்டும்

"சுகந்தி கண்ணு, கொஞ்சம் பொறு. நாளைக்கு டபுள்ஸ்ல உன்ர கூட ஆடறது நானா இந்தப் பரமசிவமான்னு எழுதறதுக்கு முந்தி, என்ர பேட் கதையைக் கேட்டுப்போட்டு எழுது."

சென்னியப்பன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். மூன்று வருசமாக எங்கள் டேபிள் டென்னிஸ் கிளப்பில் பெஞ்சைத் தேய்த்தவர். நாளைய ஆட்டத்தில் ஓர் இடத்துக்காக மனுசன் உயிரையே கொடுப்பார். காப்டன் சுகந்தி பேனாவை மூடி வைத்தாள்.

"அப்பெல்லாம் எல்லாத்துகிட்டயும் ஒரே அளவு பேட்டுதான். ஓரத்துல பட்டுச்சுன்னா பந்து எங்கியோ போயிரும். பேட்டு எந்த அளவுலயும் இருக்கலாம்னுதான ரூலு? ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு சுத்துப் பெருசா செஞ்சேன். எங்க பட்டாலும் பந்து நேராப் போச்சு!"

"கனக்குமேங்ணா?" என்றான் பரமசிவம்.

"கனக்காம? அதைத் திருப்பறதுக்குள்ள எதிராளி டீ குடிச்சுப்போட்டு வந்துருவான். அதனால அடுத்ததை முறத்தளவுக்கே செஞ்சுட்டேன். திருப்பற வேலையே இல்ல, நீட்டிப் புடிச்சா போதும். என்னையப் பாத்து கோயமுத்தூர் பூராவும் முறத்துப் பேட்டு! ரப்பரை ஜவுளிக்கடையாட்டம் மீட்டர்ல கிழிச்சு வித்தாங்க."

"அட போங்ணா!"

"இரு பரமு. ஒருநாள் மணிக்கட்டு வலி. அப்பளத்தளவுல ஒரு பேட்டோட வந்தேன். கனமே இல்ல. என்ன வேகம்ங்கற! நான் அடிச்ச பந்தை நானே அந்தப் பக்கம் ஓடிப் போயி திருப்பி அடிச்சுப்போட்டு, மறுக்கா இங்க வந்து நின்னேன். அவ்வளவுதான், அடுத்த நாளே ஊரெல்லாம் பேட்டை ராவ ஆரம்பிச்சுட்டாங்க. டவுன்ஹால்ல முழங்காலளவு மரத்தூளு. பஸ் நவுரல."

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சுகந்தியும் சிரிப்பதைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"ஃபைனலுக்கு மறுபடியும் பெருசுதான். டேபிள் அகலத்துக்கே ஒரு பேட்டு! எதிர்ல சேலத்துக்காரன். அவன் கண்ணுக்கு டேபிள் தெரியல, அம்பயர் தெரியல, பாக்கற பக்கமெல்லாம் செவப்பு ரப்பரு. எங்க அடிச்சாலும் என்ர பேட்டுதான். நான் ஒரு எட்டு எடுத்து வெக்கல கண்ணு! என்ர பக்கத்துல ஈ பறக்க எடமில்ல! இருபத்தொண்ணு சைபர்! இப்பச் சொல்லு, யாரு பேரு?"

சுகந்தி பேனாவைத் திறந்தாள். "டபுள்ஸ்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அடிக்கோணுமுங்ணா. ஈ பறக்கவே எடமில்லைன்னா நான் எங்கீங் நிக்கறது?"

அவள் 'பரமசிவம்' என்று எழுதுவதை எட்டிப் பார்த்த அண்ணனின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அட, அதுக்கென்ன? அந்த அப்பளப் பேட்டையே எடுத்துட்டு வாரன்!"

"அதுக்கு நான் மட்டுமில்லீங்ணா, எதிர்ல ஆடறவங்களும் வேண்டியதில்லையே. நீங்க ஒருத்தரே ஆடிக்குவீங்க," என்று சுகந்தி பேனாவை மூடினாள்.