சாட்சி சொன்ன கறுமூக்கி

ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே பேச்சாயிருந்த அந்தக் காலத்தில், வேல்ஸ் நாட்டு மலைகளில் ஆடுகளுக்கு ஊருமில்லை, வீடுமில்லை. பனிக்காலம் வந்தால் மந்தை மந்தையாக இறங்கிக் கடலோரப் புல்வெளிக்குப் போய்விடும். வெயில் திரும்பியதும் எந்த மலை கண்ணில் படுகிறதோ அதில் ஏறிக்கொள்ளும்.

அங்கே மோர்வென் என்றொரு சின்ன வயதுத் தாய். கணவனை ஆற்று வெள்ளம் கொண்டுபோய் மூன்று மாதமாகிறது. கையில் ஐம்பது நாள் பெண்பிள்ளை. பிள்ளை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அழுதால்தான் அவளுக்கு நிம்மதி.

கணவனின் தம்பி கெதின் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"மதினி, அண்ணன் போயாச்சு. இந்த வீடு எனக்கு வேணும். முதல் பனி விழுறதுக்குள்ள கிளம்பிடுங்க."

"பச்சைப் பிள்ளையோட எங்கே போவேன்?"

"உங்க தாய்வழி நிலத்துக்குப் போங்க. யார் தடுத்தா?"

அங்கேதான் சிக்கல். அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தாய்வழியில் ஒன்பது தலைமுறையைச் சொல்லி, ஒன்பதாமவள் அடுப்பு மூட்டிய இடத்தின் பெயரையும் சொல்லி, அந்த அடுப்பின் பின்கல்லைத் தோண்டிக் காட்டுகிறவளை அங்கிருந்து எவரும் எழுப்ப முடியாது. மோர்வெனுக்கு ஒன்பது பெண்களின் பெயரும் மனப்பாடம். இடத்தின் பெயர் மட்டும் தெரியாது. அதைச் சொல்வதற்குள் அவள் அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சொந்தபந்தம் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினாள். பெரியம்மா, "ஏதோ பள்ளம்னு வரும் தாயி," என்றாள். காது கேளாத மாமா ஒருவர், "மரத்தோட பேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடிக்கப் போய்விட்டார். பாறைமேல் இருந்த அண்டங்காக்கையையும் கேட்டாள்.

"செத்த இடம்னா எனக்கு ஞாபகம் இருக்கும். வாழ்ந்த இடத்தை வேற யார்கிட்டயாவது கேளு," என்றது அது.

அப்போது மந்தையோடு கடலோரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது கறுமூக்கி என்ற பெண்ணாடு. பருவம் தப்பிப் பிறந்த குட்டி ஒன்று அதன் பின்னால் தள்ளாடி வந்தது. ஒன்பதாமவள் பெயரைச் சொல்லி, அவள் அடுப்பு மூட்டிய இடம் எது என்று மோர்வென் அதையும் கேட்டாள்.

"இடத்தோட பேரெல்லாம் எனக்குத் தெரியாது," என்றது கறுமூக்கி. "எங்க அம்மா என்னை ஒரே ஒரு தரம் அங்கே கூட்டிப்போனா. கால் மறக்கலை. வா, காட்டுறேன்."

பாதி வழியில் குட்டி சதுப்பில் இறங்கிவிட்டது. கறுஞ்சேறு வயிறு வரை இழுத்துக்கொண்டது. கறுமூக்கி கரையில் நின்று கதறியது.

பிறந்த நாளிலிருந்து மோர்வென் தன் பிள்ளையை வெறும் மண்ணில் வைத்ததில்லை. ஒரு கணம் தயங்கினாள். பிறகு துணியை அவிழ்த்துப் பிள்ளையைப் புதரோரம் கிடத்தினாள். சேற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்க் குட்டியின் முன்காலைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க அவள் தோள் வரை சேறு. குட்டியோடு கரையேறித் திரும்பிப் பார்த்தால், பிள்ளைமேல் காற்றுப் படாமல் கறுமூக்கி நாலு காலையும் விரித்துக் கூரைபோல் நின்றிருந்தது. உள்ளே பிள்ளை கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்தி சாயுமுன் போய்ச் சேர்ந்தார்கள். அது ஒரு பள்ளம். சுற்றிலும் சிவந்த பழம் தொங்கும் ரோவன் மரங்கள். புதரை விலக்கித் தோண்டினால், ஒரு பக்கம் கரியேறிய பெரிய கல். மோர்வென் கல்லருகே உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தாள். ஒன்பதாமவளும் இப்படித்தானே உட்கார்ந்து பார்த்திருப்பாள்? அவள் கண்டதைத்தானே பெயராகச் சொல்லியிருப்பாள்?

மறுநாள் அந்தப் பள்ளத்தில் ஊர் கூடியது. ஹெலெத் என்ற ஒன்பதாமவள் வரைக்கும் ஒன்பது பெண்களையும் தடுமாறாமல் சொன்ன மோர்வென், "இடம் பந்த்-அ-கெர்தின். ரோவன் பள்ளம்," என்று முடித்தாள்.

கெதின் சிரித்தான். "மரத்தைப் பார்த்ததும் பேர் வெச்சாச்சு. நல்லவேளை, வழியில பன்னி எதுவும் நிக்கலை."

ஊர் நடுவர் இத்வால் அவனைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்டுக்குச் சேத்தடின்னு பேர் வந்தது எப்படிப்பா? இந்த நாட்டுல எல்லாப் பேரும் பார்த்து வெச்சதுதான்." கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் மோர்வென் பக்கம் திரும்பினார். "பேர் பொருந்துது, தாயி. ஆனா இந்தக் கல் உன் வம்சத்தோடதுன்னு சாட்சி வேணும். மண்ணுக்குச் சாட்சி சொல்றவங்க அந்த மண்ணை விட்டுப் போகக் கூடாது. அவங்க பிள்ளைகுட்டியும் போகக் கூடாது. தெரியும்ல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெரியம்மாவும்தான். மோர்வென் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"நான் சொல்றேன்," என்றது கறுமூக்கி.

"அடி கூறுகெட்டவளே, கடலோரப் புல்லை நெனச்சுப் பாருடி," என்று அதற்காகக் காத்து நின்ற மந்தை பின்னாலிருந்து கத்தியது.

கறுமூக்கி கல்லருகே வந்து நின்றது. "என் அம்மா கோணக்காது. அவ அம்மா சுருட்டைமயிரு. அவ அம்மா நொண்டிக்குளம்பு..." என்று தன் ஒன்பது தலைமுறையையும் சொன்னது. "ஒன்பதாமவ இந்தக் கல் ஓரத்துலதான் குட்டி போட்டா. அவ மடியில பால் கறந்தவ பேரு ஹெலெத். எங்கம்மா எனக்குச் சொன்னது இது."

இத்வால் எழுந்து தொப்பியைக் கழற்றி, "சாட்சி செல்லும். இந்த மண் உன்னுது, தாயி," என்றார். கெதின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

மந்தை இறங்கிப் போன பிறகு மோர்வென் கறுமூக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எனக்காக உன் கடலை விட்டுட்டியே. இதுக்கு நான் என்ன செய்யப்போறேன்?"

"சேத்துல படுத்தியே, அதுக்கு நான் என்ன செய்யுறது?" என்றது கறுமூக்கி. "ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ. பனி மூடினா இங்கே எங்களுக்குப் புல் எட்டாது."

"நான் சுமந்துட்டு வரேன்," என்றாள் மோர்வென். முதல் பனி விழுந்த அன்று, அந்தக் கல்லை ஒட்டி எழுப்பிய வீட்டிலிருந்து, முன்னால் பிள்ளையும் முதுகில் வைக்கோல் கட்டுமாக மேடேறி வந்தாள்.

அந்தப் பனிக்காலத்திலிருந்துதான் கறுமூக்கி வழிவந்த வேல்ஸ் மலையாடு, வேலி இல்லாவிட்டாலும் தன் மலையைத் தாண்டிப் போவதில்லை. தாய் காட்டிய எல்லையைக் குட்டிக்குக் காட்டி அங்கேயே மேய்கிறது. அன்றிலிருந்துதான் அந்த வீட்டுக்காரர்களும், எத்தனை பனி கொட்டினாலும், தாங்கள் சாப்பிடுமுன் அதற்கு வைக்கோல் சுமந்து ஏறுகிறார்கள்.