கடல் பார்க்காத வண்டி

அந்தமானுக்கு மாற்றலாகிப் போகும் நர்ஸ் பொற்செல்வி, கோயம்புத்தூரில் ஒரு பழைய ஹைபிரிட் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புரோக்கர் மயில்சாமி கூலிங்கிளாஸைக்கூடக் கழற்றவில்லை.

“கடல் காத்தே படாத வண்டிங்க. ஒரு குறை சொல்லுங்க பாக்கலாம். சொல்லிட்டா இந்தத் தொழிலையே விட்டுடறேன்.”

“அதுதாங்க குறை,” என்றாள் அவள் வருத்தமாக. “உப்புக் காத்துல பழகாத வண்டி தீவுல தாங்காதுன்னு சொல்றாங்க. கடலோரம் ஓடுன வண்டியாத்தான் தேடறேன்.”

மயில்சாமி கூலிங்கிளாஸைக் கழற்றினார்.

“அட, முதல்லயே சொல்றதில்லைங்களா? நாகப்பட்டினத்துல ஆறு வருசம் கடற்கரையிலயேதான் நின்னுச்சுங்க.”

“அப்படீங்களா? அப்ப அடியில எவ்வளவு துருன்னு ரெண்டு பேருமாக் குனிஞ்சு பாத்துரலாம். பாத்துட்டு, நாளையிலருந்து என்ன தொழில் பண்றதுன்னு நீங்க யோசிங்க.”